பாதியில் நின்ற வாக்கியம்

1952ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி பிற்பகல், லண்டன் விமான நிலையத்திலிருந்து 36 பயணிகளுடன் ஒரு விமானம் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிளம்பியது. கட்டணம் செலுத்திய பயணிகளை ஏற்றிக்கொண்டு, கால அட்டவணைப்படி பறந்த உலகின் முதல் ஜெட் சேவை அது. விமானத்தின் பெயர் காமெட். அதைக் கட்டியது டி ஹாவிலாண்ட் நிறுவனம். பறக்கவிட்டது பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தமான பி.ஓ.ஏ.சி. வால்பகுதியில் எழுதியிருந்த பதிவெழுத்துகள் ஜி-ஏ.எல்.ஒய்.பி. அன்றைய வானொலி வழக்கில் 'ஒய்' என்ற எழுத்துக்கு யோக் என்றும் 'பி'க்குப் பீட்டர் என்றும் பெயர். ஆகவே விமானப் பணியாளர்களுக்கு அந்த விமானம் 'யோக் பீட்டர்'. அதன் உடன்பிறப்புகள் யோக் ஸீப்ரா, யோக் விக்டர், யோக் யோக், யோக் அங்கிள். வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல அவர்கள் இவற்றைக் கூப்பிட்டார்கள்.

காமெட்டின் கதையைப் பலரும் பலமுறை எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் அது உலோகத்தின் கதை. சன்னல் மூலையில் தொடங்கிய விரிசலின் கதை. அதைக் கண்டுபிடித்த பொறியாளர்களின் கதை. அந்த விமானங்களின் முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன கண்டார்கள், என்ன சொன்னார்கள், அதை யார் நம்பினார்கள் என்பது அந்தக் கதையின் ஓரத்தில்தான் கிடக்கிறது. அன்று கறுப்புப் பெட்டி கிடையாது. விமானி அறையில் நடந்ததற்கு ஒரே சாட்சி அங்கே இருந்த மனிதர்களின் நினைவு. அவர்கள் உயிரோடு திரும்பினால் சாட்சியும் திரும்பும். திரும்பிய சாட்சியை எவரும் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. முதல் ஜெட் யுகத்தை இந்த ஓரத்திலிருந்து பார்க்கவே இக்கட்டுரை முயல்கிறது.

விளிம்பில் நின்ற நாணயம்

நல்ல நினைவுகளிலிருந்து தொடங்குவோம். காமெட்டில் பறந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதன் அமைதியை. அதற்கு முன்பு அவர்கள் ஓட்டியவை பிஸ்டன் எஞ்சின் பூட்டிய புரொப்பெல்லர் விமானங்கள். மணிக்கணக்கில் உடலே அதிரும். இறங்கிய பிறகும் காதுக்குள் இரைச்சல் ஓயாது. காமெட்டின் நான்கு கோஸ்ட் எஞ்சின்களும் இறக்கைகளின் அடியில், உடலோடு ஒட்டிப் புதைந்திருந்தன. உயரத்தில் போகும்போது மேசைமேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தினால் அது விழாமல் நிற்கும். பயணிகளுக்குக் காட்டும் ஒரு வித்தையாகவே அது ஆகிவிட்டது.

பறந்த உயரமும் புதிது. முந்தைய விமானங்கள் மேகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு போன வானத்தை விட்டு, காமெட் 35,000 அடிக்கு மேலே ஏறியது. கீழே இடியும் மழையும் இருக்க, மேலே கருநீல வானம். முன்பக்கச் சிறு அறையில் எட்டு இருக்கைகள், நடுவே மேசை போட்டு எதிரெதிராக. பின்னால் 28 இருக்கைகள். மொத்தப் பயணிகள் 36 பேர். அவர்களைக் கவனிக்க ஒரு பணியாளரும் ஒரு பணிப்பெண்ணும், முன்னறையில் நால்வர். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஓர் ஊர் வந்துவிடும். ஏறி, உணவு பரிமாறி, தட்டுகளை எடுத்து முடிப்பதற்குள் இறங்க வேண்டும். வேகம் பயணிக்கு ஓய்வைத் தந்தது. பரிமாறுபவரிடமிருந்து நேரத்தைப் பறித்தது.

ஜோகன்னஸ்பர்க் வழியில் ரோம், பெய்ரூட், கார்ட்டூம், எண்டெபி, லிவிங்ஸ்டன் என ஐந்து நிறுத்தங்கள். மொத்தம் 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு நேரம் ஒரே குழுவால் ஓட்ட முடியாது. ஆகவே அஞ்சல் குதிரை மாற்றுவதுபோல வழியில் ஆட்களை மாற்றினார்கள். முதல் பயணத்தில் பெய்ரூட் வரை தலைமை விமானி மஜெண்டி, அங்கிருந்து கார்ட்டூம் வரை மார்ஸ்டன், பிறகு ஜோகன்னஸ்பர்க் வரை அலபாஸ்டர். இறங்கிய குழு அந்த ஊரிலேயே தங்கி, அடுத்த காமெட் வரும்வரை காத்திருக்கும். விமானம் ஒரே நாளில் கண்டம் தாண்டியது. அதை ஓட்டியவர்களோ நாள்கணக்கில் ஊர் ஊராகத் தங்கித்தான் வீடு திரும்பினார்கள்.

கவலைகளும் புதியவை. ஜெட் எஞ்சின் உயரத்தில் சிக்கனம். தாழப் பறந்தால் எரிபொருளை விழுங்கும். நிலையத்துக்கு மேலே வட்டமடித்துக்கொண்டு முறைக்காகக் காத்திருப்பது புரொப்பெல்லர் விமானத்துக்கு அன்றாட வழக்கம், காமெட்டுக்கு ஆபத்து. எப்போது இறங்கத் தொடங்குவது, எதிர்காற்று எவ்வளவு, எஞ்சியிருக்கும் எரிபொருள் எதுவரை தாங்கும் என்று பயணம் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உயரத்துக் காற்றைப் பற்றி வானிலை அலுவலகங்களிடம் இருந்த தகவலும் சொற்பம். தெரிந்துகொள்ள ஒரே வழி பறந்து பார்ப்பதுதான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் காமெட் இலங்கைக்கு வந்தது, அக்டோபரில் சிங்கப்பூருக்கு, 1953 ஏப்ரலில் டோக்கியோவுக்கு. லண்டனிலிருந்து டோக்கியோ போக முன்பு 86 மணி நேரம். காமெட்டில் ஏறத்தாழ ஒன்றரை நாள். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம்மவர்களில் மேற்கே படிக்கப் போனவர்கள் பெரும்பாலும் கப்பலில்தான் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் இரண்டு மூன்று வாரக் கடற்பயணம் ஒருநாள் விமானப் பயணமாகச் சுருங்கும் என்ற செய்தி முதலில் அந்த விமானத்தில்தான் வந்து இறங்கியது.

ரோமில் ஒரு மழை இரவு

1952 அக்டோபர் 26. ரோமின் சியாம்பீனோ நிலையத்தில் யோக் ஸீப்ரா இரவில் புறப்படத் தயாரானது. மழை. அடுத்த நிறுத்தம் கெய்ரோ. தலைமை விமானி ஹாரி ஃபூட். ஓடுபாதையில் வேகம் பிடித்து அவர் மூக்கைத் தூக்கினார். விமானம் தரையை விட்டு எழுந்தது. உடனே இடப்பக்க இறக்கை சாய்ந்தது, உடல் நடுங்கியது, வேகம் ஏறவில்லை. அவர் எஞ்சின்களை அடக்கினார். விமானம் ஓடுபாதை முடிவைத் தாண்டிப் போய், சக்கரக் கால்கள் முறிந்து, எரிபொருள் ஒழுக நிலைய எல்லைக்கருகே நின்றது. தீப்பற்றவில்லை. எவரும் சாகவில்லை.

ஃபூட் நடந்ததைச் சொன்னார். விசாரணையாளர்கள் ஓடுபாதையைப் பார்த்தார்கள். விமானத்தின் வால் தரையில் உரசிய தடம் அங்கே இருந்தது. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார், அதை அவர் உணரவில்லை என்பது முடிவு. விமானியின் பிழை. விஷயம் தீர்ந்தது. ஃபூட்டைக் காமெட்டிலிருந்து எடுத்து, பழைய யார்க் சரக்கு விமானங்களை ஓட்ட அனுப்பினார்கள்.

அந்த முடிவில் பொய் எதுவும் இல்லை. மூக்கு அதிகமாகத்தான் தூக்கியிருந்தது. கேள்வி அதுவல்ல. அனுபவமுள்ள ஒரு விமானி அதை ஏன் உணரவில்லை? காமெட்டின் கட்டுப்பாடுகள் விசையால் இயங்கியவை. பழைய விமானங்களில் சுக்கானைப் பிடித்த கைக்குக் காற்றின் எதிர்ப்பு தெரியும். இதில் அந்த உணர்வே கிடையாது. இருட்டில், மழையில், முன்னே தொடுவானமும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. மூக்கு ஓரளவுக்கு மேல் தூக்கிவிட்டால் காமெட்டின் இறக்கை, தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்குவிசையை இழக்கத் தொடங்கும். காற்றின் இழுவை கூடும். அதை மீறி வேகம் பிடிக்கும் அளவுக்கு எஞ்சின்களுக்கு வலு போதாது. சிறிய பிசகைப் பெரிய விபத்தாக்கும் குணம் அந்த இறக்கைக்குள்ளேயே இருந்தது.

நான்கு மாதங்கள் கழித்து, 1953 மார்ச் 3ஆம் தேதி, கராச்சி. கனேடியன் பசிபிக் நிறுவனம் வாங்கிய புதுக் காமெட் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. விடிவதற்கு முன் புறப்பாடு. மூக்கு உயர்ந்தது, வேகம் ஏறவில்லை, விமானம் எழவில்லை. இம்முறை தீப்பற்றியது. பதினொரு பேரும் இறந்தார்கள். பயணிகள் ஜெட் விமான வரலாற்றில் உயிர் பறித்த முதல் விபத்து அது. அங்கேயும் பழி விமானியின்மேல்தான் விழுந்தது. ஆனால் ஒரே விதமான பிழையை இரண்டு விமானிகள், இரண்டு ஊர்களில் செய்தபோது, பிழையின் வேர் வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணமும் எழத்தானே செய்யும்? புறப்படும் முறையை மாற்றி எழுதினார்கள். இறக்கையின் முன்விளிம்பின் வடிவத்தையும் பின்னர் மாற்றினார்கள்.

இறக்கையைத் திருத்தினார்கள், தீர்ப்பைத் திருத்தவில்லை. தன் பெயர்மேல் விழுந்த கறையைத் துடைக்க ஃபூட் பல ஆண்டுகள் போராடினார். விமானிகள் சங்கம் அவருக்குத் துணை நின்றது.

நான் கணினித் துறையில் வேலை செய்பவன். ஓர் அமைப்பு செயலிழந்தால் கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, கடைசியாக அதைத் தொட்டது யார் என்பது. பயனர் பிழை என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. வடிவமைப்பைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஃபூட்டின் கதை எனக்கு எழுபது ஆண்டுப் பழைய கதையாகத் தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

மேலே உடைந்தவை

காமெட் சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு. 1953 மே 2ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகும் யோக் விக்டர் கல்கத்தாவின் டம்டம்மிலிருந்து டெல்லிக்குக் கிளம்பியது. சில நிமிடங்களில் கோடைப் புயலுக்குள் நுழைந்து காற்றிலேயே உடைந்து விழுந்தது. 37 பயணிகளும் ஆறு பணியாளர்களும் இறந்தார்கள். கடும் காற்றுச் சுழல் காரணமாக இருக்கலாம். அல்லது அந்தச் சுழலில் விமானி கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம் என்றது விசாரணை. மறுத்துப் பேச முன்னறையிலிருந்து எவரும் திரும்பவில்லை.

1954 ஜனவரி 10. முதல் சேவையைத் தொடங்கிவைத்த அதே யோக் பீட்டர், சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பாங்காக், ரங்கூன், கல்கத்தா, கராச்சி, பஹ்ரைன், பெய்ரூட் வழியாக ரோம் வந்து சேர்ந்தது. காலையில் அங்கிருந்து லண்டனுக்குக் கடைசிக் கட்டப் பயணம். தலைமை விமானி ஆலன் கிப்சன். அவருக்கு முன்பே ரோமிலிருந்து கிளம்பியிருந்த பி.ஓ.ஏ.சி.யின் புரொப்பெல்லர் விமானம் ஒன்று கீழே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மேகங்களைப் பற்றி இரு விமானங்களும் வானொலியில் பேசிக்கொண்டிருந்தன. அனுப்பிய செய்தி கிடைத்ததா என்று கிப்சன் கேட்கத் தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை. அதன்பிறகு யோக் பீட்டரிலிருந்து எந்தக் குரலும் வரவில்லை.

எல்பாத் தீவுக்கருகே மீனவர்கள் மேகங்களுக்கு மேலே இடிபோன்ற சத்தம் கேட்டார்கள். பிறகு எரிந்தபடி கடலில் விழுந்த துண்டுகளைப் பார்த்தார்கள். 29 பயணிகள், ஆறு பணியாளர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

பி.ஓ.ஏ.சி. தானாகவே காமெட்களை நிறுத்தியது. காரணம் தெரியவில்லை, தீயாக இருக்கலாம், எஞ்சினாக இருக்கலாம் என்று ஊகித்த எல்லாவற்றுக்கும் மாற்றங்கள் செய்து மார்ச் 23ஆம் தேதி மீண்டும் பறக்கவிட்டார்கள். எது உடைந்தது என்று தெரியாமலே விமானக் குழுக்கள் மறுபடி ஏறி உட்கார்ந்த நாட்கள் அவை. அவை மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. ஏப்ரல் 8ஆம் தேதி, ரோமிலிருந்து கெய்ரோ போன யோக் யோக் நேப்பிள்ஸுக்குத் தெற்கே கடலில் விழுந்தது. பி.ஓ.ஏ.சி.யிடமிருந்து வாடகைக்கு எடுத்து தென்னாப்பிரிக்க விமான நிறுவனம் ஓட்டிய விமானம். 14 பயணிகள், ஏழு பணியாளர்கள். அதோடு காமெட்டின் பறக்கும் உரிமம் ரத்தானது.

கராச்சி, கல்கத்தா, எல்பா, நேப்பிள்ஸ்: இந்த நான்கு விபத்துகளிலும் சேர்த்து 110 உயிர்கள்.

தண்ணீர்த் தொட்டி

சாட்சி சொல்ல மனிதர்கள் இல்லாதபோது பொருள்களைத்தான் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை எல்பாக் கடலின் அடியில் தொலைக்காட்சிக் கேமராவை இறக்கி யோக் பீட்டரைத் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்தது. மீட்ட உடல்களைப் பீசாவின் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். நுரையீரல்களில் இருந்த சேதம், விமான அறையின் காற்றழுத்தம் ஒரே நொடியில் போனதைக் காட்டியது. இடது இறக்கையில் ஒரு தீற்றல் இருந்தது. அறைச் சுவரின் சாயம் அதன்மேல் உரசியிருந்தது. அப்படியென்றால் இறக்கை முழுதாக இருந்தபோதே அறை வெடித்திருக்கிறது.

ஃபார்ன்பரோவில் சர் ஆர்னால்ட் ஹால் தலைமையிலான குழு யோக் அங்கிளை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தது. உள்ளே நீரை அழுத்தி, பிறகு தளர்த்தி, ஒவ்வொரு பயணத்திலும் உடல் ஊதிச் சுருங்குவதைப் போலவே செய்தார்கள். உண்மையில் பறந்த 1,221 பயணங்களோடு தொட்டியில் 1,836 பயணங்களும் சேர்ந்தபோது உடல் கிழிந்தது. உலோகச் சோர்வு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒருகட்டத்தில் பட்டென்று முறியுமே, அதே சங்கதி. யோக் பீட்டர் 1,290 முறையும் யோக் யோக் 900 முறையும் அப்படி ஊதிச் சுருங்கியிருந்தன. யோக் பீட்டரில் விரிசல் தொடங்கியது பயணிகளின் சன்னலில் அல்ல. கூரையில், வானொலி ஆண்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில்.

எல்பாவில் விமானி செய்யக்கூடியது எதுவும் இல்லை. எச்சரிக்கை விளக்கு இல்லை, நடுக்கம் இல்லை, யோசிக்க ஒரு நொடிகூட இல்லை. விளிம்பில் நின்ற நாணயம் விழாமல் நின்றுகொண்டிருந்த அதே உடலில்தான், ஒவ்வொரு பயணத்திலும் விரிசல் வளர்ந்துகொண்டிருந்தது. கிப்சனுக்கு விசாரணை முழு விடுதலை தந்தது என்று சொல்லலாம். அந்த விடுதலைக்கு ஒரு கடற்படையும் ஓர் ஆராய்ச்சி நிலையமும் பல மாதங்களும் தேவைப்பட்டன. உயிரோடு வந்து, தன் வாயால் சொன்ன ஃபூட்டுக்கு அந்த அளவுக் கவனம் கிடைக்கவில்லை.

மெல்பர்னில் ஒரு வேதியியலாளர்

காமெட் விபத்துகளை ஆராய்ந்தவர்களில் ஆஸ்திரேலியாவின் டேவிட் வாரனும் ஒருவர். மெல்பர்ன் வானூர்தி ஆராய்ச்சிக்கூடத்தில் எரிபொருள் வேதியியலாளர். 1934இல், அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பாஸ் நீரிணையில் காணாமல்போன விமானத்தில் தந்தையைப் பறிகொடுத்தவர். ஒரு கண்காட்சியில் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்திருந்தார். அப்படி ஒன்று காமெட்டின் முன்னறையில் இருந்திருந்தால்? அந்தக் கடைசி நொடிகள் தொலைந்திருக்காதே என்று யோசித்தார். 1954இல் அதைக் குறிப்பாக எழுதினார். பிறகு உருக்குக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சையும் கருவி அளவீடுகளையும் பதியும் ஒரு மாதிரியைச் செய்தார். அதற்கு இட்ட பெயரை நேராகத் தமிழில் சொன்னால், 'பறப்பு நினைவு'.

சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. விளக்கங்களைவிட வசைச்சொற்கள்தான் அதிகம் பதிவாகும் என்று விமானப்படை கிண்டலடித்தது. விமானிகள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. முன்னறையில் ஒற்றன் உட்கார்ந்திருக்க நாங்கள் பறக்க மாட்டோம் என்றது. 1958இல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் அதிகாரி கருவியின் அருமையைப் புரிந்துகொண்டு வாரனை லண்டனுக்கு அழைத்த பிறகுதான் அது நகர்ந்தது. 1960இல் குயின்ஸ்லாந்தின் மக்காயில் நடந்த விபத்துக்குப் பின், முன்னறைப் பதிவுக் கருவியை முதன்முதலில் கட்டாயமாக்கிய நாடு ஆஸ்திரேலியாதான்.

விமானிகளின் எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஃபூட்டுக்கு நடந்ததைப் போன்றவற்றைப் பார்த்த தலைமுறை அது. தங்கள் பேச்சைப் பதிவுசெய்து தங்களுக்கு எதிராகவே திருப்புவார்கள் என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஆனால் வேகம் ஏறவில்லை என்று ஃபூட் சொன்னதை அளவீட்டோடு பதிந்த ஒரு கம்பி ரோமில் இருந்திருந்தால், கேள்வி அன்றைக்கே இறக்கையின் பக்கம் திரும்பியிருக்கக்கூடும். கராச்சியின் பதினொரு பேரும் ஒருவேளை பிழைத்திருக்கக்கூடும். பதிவு என்பது அதை யார் படிக்கிறார்கள், எந்தக் கேள்வியோடு படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. என்ன நடந்தது என்பதைக் கருவி சொல்லும். அந்த நேரத்தில் அது எப்படித் தோன்றியது, ஏன் சரியென்று பட்டது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகியதில்தான் விமானப் பயணம் பாதுகாப்பானது.

1958 அக்டோபர் 4ஆம் தேதி, தடித்த தகடும் உருண்ட சன்னல்களும் கொண்ட காமெட் 4 அட்லாண்டிக் கடலைப் பயணிகளோடு தாண்டியது. ஒரே நாளில் லண்டனிலிருந்து ஒன்றும் நியூயார்க்கிலிருந்து ஒன்றும். மூன்று வாரம் கழித்து பான் அமெரிக்கனின் போயிங் 707 வந்தது. சந்தை அதன் பக்கம் போய்விட்டது. பழைய காமெட்டின் உடல்கூடு ஒன்று லண்டனுக்கு வடக்கே, லண்டன் கோல்னியில் உள்ள டி ஹாவிலாண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் இருப்பவர்கள் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போகலாம்.

நம்மில் பெரும்பாலோர் கப்பலில் வந்தவர்கள் அல்லர். மீனம்பாக்கத்திலோ கட்டுநாயக்காவிலோ அழுதுவிட்டு, அழுத்தமேற்றிய ஒரு குழாய்க்குள் ஏறி, 35,000 அடி உயரத்தில் தூங்கி, வேறொரு நாட்டில் விழித்தவர்கள். அல்லது அவர்களுடைய பிள்ளைகள். அந்தக் குழாய் ஏன் உடைவதில்லை என்பதற்குப் பின்னால் 110 பேர் இருக்கிறார்கள். அதன் முன்னறையில் பேசுவதெல்லாம் ஏன் பதிவாகிறது என்பதற்குப் பின்னால் பாதியில் நின்ற ஒரு வாக்கியம் இருக்கிறது. ஃபூட்டின் வாக்கியமோ முழுவதும் கேட்டது. அதைக் கேட்டவர்கள்தான் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.